திட்ட விலக்கத்துக்கு ஒரு சிறு செயற்கூறு

மைத்துனர் நடத்தும் மசாலாப்பொடிக் கூடத்துக்காக இந்தத் தை மாதம் ஒரு தராசு செய்து கொடுத்தேன். அவரிடம் கடையில் வாங்கிய மின்னணுத் தராசு ஏற்கெனவே இருந்தது. ஆனால் பொட்டலம் கட்டும் பெண்கள் திரையில் எண் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, அடங்கிவிட்டதா இல்லையா என்பதைக் கண்ணாலேயே ஊகிக்க வேண்டியிருந்தது. மூட்டை இறக்கும் அதிர்விலும் மின்விசிறிக் காற்றிலும் அந்த ஊகம் அடிக்கடி தவறியதால், கட்டிய பொட்டலங்களில் பலவற்றைப் பிரித்துத் திரும்ப நிறுக்கும் வேலை நாள்தோறும் சேர்ந்துகொண்டிருந்தது. எடை உண்மையாகவே நின்றுவிட்டால் மட்டும் எரிகிற ஒரு பச்சை விளக்கு வேண்டும் என்று அவர் கேட்டார்.

நிரல் எழுதி ஏற்றக்கூடிய சிறு கணினிப் பலகையான ஓர் ஆர்டுயினோ ஊனோ, எடையை மின்னழுத்தமாக மாற்றும், 5 கிலோ தாங்கும் ஒரு லோடு செல், அந்தச் செல் தரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை 24 பிட் முழு எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 சில்லு, ஒரு விளக்கு ஆகியவற்றைக் கொண்டு தராசு உருவானது. எச்எக்ஸ்711 விநாடிக்கு 10 அளவீடுகள் தரும்படி இணைத்திருந்தேன். என் கருவியில் 1 கிராம் ஏறத்தாழ 420 அலகுகளாக வெளிப்பட்டது. ஆகவே தட்டில் 100 கிராம் இருந்தால் 42,000 அளவிலும், 2 கிலோ இருந்தால் 8,40,000 அளவிலும் எண்கள் வந்தன. தட்டை யாரும் தொடாதபோதும் அந்த எண்கள் அசையாமல் நிற்பதில்லை, ஐம்பது அறுபது அலகுகள் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். கடைசி 20 அளவீடுகள் தமக்குள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்த்து, அந்தச் சிதறல் 80 அலகுகளுக்குக் குறைவாக இருந்தால் விளக்கை எரியவிடலாம் என்று முடிவு செய்தேன். சிதறலை அளக்க எல்லோரும் எடுப்பது திட்ட விலக்கம். கார்ல் பியர்சன் 1894இல் அச்சில் பெயர் சூட்டிய இந்த அளவை இலங்கைப் பாடநூல்கள் நியம விலகல் என்கின்றன. அதைக் கணக்கிடும் ஒரு சிறிய செயற்கூறு, நாம் பேச்சில் ஃபங்ஷன் என்று சொல்வது, எழுதினால் வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

திட்ட விலக்கத்தின் வரையறை எளிது. எண்களின் சராசரியைக் கண்டுபிடித்து, ஒவ்வோர் எண்ணும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இப்படிச் செய்ய எண்களை இரண்டு முறை கடக்க வேண்டும்: சராசரிக்காக ஒரு முறை, விலக்கங்களுக்காக இன்னொரு முறை. பத்தாம் வகுப்பில் நேரடி முறை என்ற பெயரில் வேறொரு வாய்பாடும் கற்றோம். அதில் எண்களின் கூடுதலையும் அவற்றின் வர்க்கங்களின் கூடுதலையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். எண்களை ஒரே முறை கடந்தாலே விடை கிடைத்துவிடும். ஊனோவில் மாறிகளுக்கு இருக்கும் நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே என்பதால், எண்களைச் சேமிக்கத் தேவையில்லாத இந்த இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தமிழில் சொன்னால், நான் எழுதிய செயற்கூறு இப்படி இருந்தது (கடைசியில் 20ஆல் வகுக்காமல் 19ஆல் வகுப்பது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்):

கூடுதல் = 0; வர்க்கக் கூடுதல் = 0
ஒவ்வோர் அளவீட்டுக்கும்: கூடுதலில் அளவீட்டைச் சேர், வர்க்கக் கூடுதலில் அளவீடு × அளவீடு சேர்
வேறுபாடு = வர்க்கக் கூடுதல் − (கூடுதல் × கூடுதல் ÷ 20)
விடை = வர்க்கமூலம் (வேறுபாடு ÷ 19)

மடிக்கணினியில் பைத்தான் நிரல்மொழியில் இதையே எழுதி, நூறைச் சுற்றிய இருபது எண்களைக் கொடுத்து, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டேன். நான்கு தசம இடம் வரை ஒத்துப்போனது. பலகையில் ஏற்றி 100 கிராம் எடைக்கல்லை வைத்தபோதும் ஐம்பதை ஒட்டிய விடைகள் வந்தன, விளக்கும் முறையாக எரிந்தது. பிறகு 2 கிலோ கல்லை வைத்தேன். விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது. காற்று காரணமாக இருக்கலாம் என்று மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். பிறகு ஈயப்பற்று விட்டுப்போயிருக்கலாம் என்று கம்பிகளை மறுபடியும் பற்றவைத்தேன். லோடு செல்லில்தான் கோளாறு என்று நினைத்து வேறொன்றை வாங்கியும் மாட்டினேன். எதனாலும் மாற்றம் இல்லை.

மூன்றாம் நாள் மாலை, விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, செயற்கூறு திருப்பித் தரும் எண்களையே வரிசையாகத் திரையில் ஓடவிட்டேன். 0, அடுத்து 234.92, மறுபடியும் 0, பிறகு எண் அல்ல என்பதைக் குறிக்கும் அந்த மூன்றெழுத்துச் சுருக்கம், 332.23, மீண்டும் 234.92, மீண்டும் 0. அரை மணி நேரம் ஓடியும் இந்த நான்கைந்து விடைகளைத் தவிர வேறெதுவும் வரவில்லை. காற்றோ கம்பியோ காரணமாக இருந்திருந்தால், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணாக, 61.7, 48.2, 55.9 என்று வந்திருக்கும். இயற்கையின் ஆட்டம் படிக்கட்டில் ஏறி இறங்குவதில்லை. எண்ணை எழுதிவைக்கும் முறையில்தான் படிக்கட்டு இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்தப் படியின் உயரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். தசம எண்களை வைக்கும் மாறி வகைகளில் ஃப்ளோட் சிறியது, டபுள் வழக்கமாக அதன் இரு மடங்கு. ஆனால் ஊனோவில் டபுள் என்று எழுதினாலும் அது ஃப்ளோட் போலவே 4 பைட்தான். அதில் ஓர் எண்ணின் முன்னணி இலக்கங்களுக்குக் கிடைப்பவை 24 பிட்கள், அதாவது பதின்ம முறையில் ஏழு இலக்கங்களுக்குச் சற்று மேல். 8,40,000இன் வர்க்கம் 70,560 கோடி. இருபது அளவீடுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 14,11,200 கோடி வரும். இந்த எண் 2இன் 43ஆம் அடுக்குக்கும் 44ஆம் அடுக்குக்கும் இடையில் விழுகிறது. அந்த இடைவெளியில் 4 பைட் ஃப்ளோட்டால் எழுதக்கூடிய அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரம் 2இன் 20ஆம் அடுக்கு, அதாவது 10,48,576. இடையில் உள்ள எந்த எண்ணையும் அதனால் எழுத முடியாது. அருகில் உள்ள படிக்குத்தான் தள்ளும். நான் தேடியதோ, 50 அலகு ஆட்டத்தின் வர்க்கமான 2,500ஐ இருபதால் பெருக்கினால் வரும் சுமார் 50,000. ஒரு படியின் உயரத்தில் அது இருபதில் ஒரு பங்கு கூட இல்லை.

இப்படியிருக்கும்போது, வர்க்கக் கூடுதலிலிருந்து கூடுதலின் வர்க்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது 0 ஆகவோ, 10,48,576 ஆகவோ, அதன் மடங்காகவோ, அல்லது அவற்றின் குறை எண்ணாகவோதான் இருக்க முடியும். 10,48,576ஐ 19ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 234.92 வருகிறது, அதன் இரட்டிப்பை வகுத்து எடுத்தால் 332.23. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லாததால் அந்த மூன்றெழுத்து வருகிறது. திரையில் ஓடிய விடைகள் அத்தனைக்கும் காகிதத்தில் காரணம் கிடைத்துவிட்டது. 0 வந்தபோது அது 80க்குக் குறைவு என்பதால் விளக்கு எரிந்தது, மற்றவை வந்தபோது அணைந்தது. 100 கிராமுக்கு இந்தக் கோளாறு தெரியாததற்கும் இதுவே காரணம்: அங்கே வர்க்கங்களின் கூடுதல் சுமார் 3,528 கோடிதான், படியின் உயரம் 4,096தான், நான் தேடிய 50,000 அதைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரியது.

இதை மைத்துனருக்கு விளக்க முயன்றபோது, பிட்களையும் அடுக்குகளையும் விட்டுவிட்டு, நான்கு இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கக்கூடிய ஒரு கணிப்பானைக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னேன். 101, 102, 102 என்ற மூன்று எண்களை அதற்குக் கொடுக்கிறோம். 101இன் வர்க்கம் 10,201. நான்கு இலக்கத்துக்குச் சுருக்கினால் 10,200. 102இன் வர்க்கம் 10,404. அது 10,400 ஆகிறது. வர்க்கங்களின் கூடுதல் 31,000. மூன்று எண்களின் கூடுதல் 305, அதன் வர்க்கம் 93,025, சுருக்கினால் 93,030. மூன்றால் வகுத்தால் 31,010. கழித்தால் −10. உண்மையான விடை 0.667. சிதறல் என்பது குறை எண்ணாக இருக்கவே முடியாது, ஆனாலும் கணிப்பான் ஒவ்வொரு படியையும் தன்னால் முடிந்த அளவுக்குச் சரியாகவே செய்து −10ஐ எட்டிவிட்டது. அவர் இரண்டு முறை தாமே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. பிழை கழித்தலில் நிகழ்வதில்லை. 31,000இலிருந்து 31,010ஐக் கழிப்பதில் கணிப்பான் ஒரு இலக்கத்தைக்கூட இழக்கவில்லை. அந்தக் கழித்தல் முழுக்கச் சரி. இழப்பு அதற்கு முன்பே, 10,201ஐ 10,200 என்று எழுதிய கணத்தில் நடந்துவிட்டது. அப்போது அது பத்தாயிரத்தில் ஒன்று என்ற, யாரும் பொருட்படுத்தாத சிறு பிழை. முன்னால் நின்ற பெரிய இலக்கங்கள் கழித்தலில் ஒன்றுக்கொன்று அடிபட்டு மறைந்ததும், பின்னால் ஒளிந்திருந்த அந்தச் சிறு பிழையே மொத்த விடையாகிவிடுகிறது. லாரி ஏறும் எடைமேடையில் சரக்கோடு ஒரு முறையும் சரக்கில்லாமல் ஒரு முறையும் நிறுத்து ஏலக்காயின் எடையைக் கண்டுபிடிக்க முயல்வதற்கு இது ஒப்பானது. மேடை பத்துக் கிலோ பத்துக் கிலோவாகக் காட்டும்போது, நூறு கிராம் ஏலக்காய்க்கு அதில் இடமில்லை.

பெரிய கணினியில் இந்தத் தொல்லை வராது என்று என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. மடிக்கணினியின் 8 பைட் டபுளில் 53 பிட்கள் இருப்பதால் என் தராசின் எண்களுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் படிக்கட்டு அங்கேயும் இருக்கிறது, சற்றுத் தொலைவில் தொடங்குகிறது, அவ்வளவுதான். 100 கோடி, அதற்கு ஒன்று குறைவான எண், ஒன்று கூடுதலான எண் என்ற மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து 2ஆல் வகுத்துப் பார்த்தால் அவற்றின் திட்ட விலக்கம் மிகச்சரியாக 1. என் முதல் செயற்கூற்றை மடிக்கணினியில் ஓடவிட்டால் அது 0 என்கிறது. ஏனெனில் 100 கோடியின் வர்க்கம் இருக்கும் இடத்தில் டபுளின் படி உயரம் 128. ஒவ்வொரு வர்க்கத்தின் கடைசியிலும் வரும் அந்த 1, எழுதும்போதே உதிர்ந்துவிடுகிறது. 1970 தொடக்கத்திலிருந்து கடந்த விநாடிகளை எண்ணி வைக்கும் கணினிக் கடிகார நேரங்கள் இன்று 170 கோடியைத் தாண்டிவிட்டன என்பதை நினைத்தால், இத்தகைய எண்கள் அரியவை அல்ல என்பது விளங்கும். 2003ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்புவரை எக்செல் விரிதாளே திட்ட விலக்கத்துக்கு இந்த ஒரே கடப்பு வாய்பாட்டைத்தான் பயன்படுத்தி வந்தது. அந்தப் பதிப்பில்தான் இரண்டு முறை கடக்கும் வழிக்கு மாறினார்கள்.

இதற்குத் தீர்வைத் தேடியபோது, அது நான் பத்தாம் வகுப்பில் கற்ற அதே பாடத்தில், நேரடி முறைக்கு அடுத்த பக்கங்களிலேயே இருந்ததைக் கண்டு நெகிழ்ந்துபோனேன். ஊகச் சராசரி முறை என்று அதைக் கற்றோம். எண்களுக்கு நடுவில் ஏதோ ஒன்றை ஊகச் சராசரியாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதைக் கழித்துவிட்டு, மிஞ்சும் சிறிய எண்களுக்கு அதே வாய்பாட்டைப் போட வேண்டும். பெரிய எண்களை வர்க்கப்படுத்தும் சுமையைக் குறைப்பதற்கான வழி என்று எங்கள் ஆசிரியர் அதைச் சொல்லிக்கொடுத்தார். நானும் அதை ஒரு சுருக்கு வழியாக மட்டுமே நினைவில் வைத்திருந்தேன். கணினிக்குப் பெரிய எண்ணின் வர்க்கம் ஒரு சுமையே அல்ல என்பதால், அந்த முறைக்கு இனி இடமில்லை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். உண்மை நேர்மாறானது. கையால் கணக்குப் போடுகிறவருக்கு உழைப்பை மிச்சப்படுத்துவது எதுவோ, அதுவே கணினிக்கு இலக்கங்களை மிச்சப்படுத்துகிறது. டோனி சான், ஜீன் கோலப், ராண்டால் லெவெக் ஆகிய மூவரும் 1983இல் இந்தச் செயற்கூற்றின் வெவ்வேறு வடிவங்களை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையிலும் தரவை இப்படி நகர்த்திவிட்டுக் கணக்கிடுவதை ஒரு நல்ல வழியாக எடுத்துப் பேசுகிறார்கள்.

நான்கு இலக்கக் கணிப்பானுக்கே திரும்பி வந்து பார்க்கலாம். 101ஐ ஊகச் சராசரியாக வைத்தால், 101, 102, 102 ஆகியவை 0, 1, 1 ஆகின்றன. கூடுதல் 2, வர்க்கக் கூடுதல் 2. இரண்டின் வர்க்கத்தை மூன்றால் வகுத்தால் 1.333, கழித்தால் 0.667. அதே கணிப்பான், அதே நான்கு இலக்கங்கள், அதே வாய்பாடு, ஆனால் விடை சரி. ஊகம் மிகச் சரியாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. எண்களின் அருகில் எங்கேயாவது இருந்தால் போதும், ஆகவே முதல் அளவீட்டையே ஊகச் சராசரியாக எடுத்துக்கொள்ளலாம்.

என் செயற்கூற்றில் ஒரே ஒரு வரி கூடியது: இருபது அளவீடுகளில் முதலாவதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் அதைக் கழித்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்கு. கழித்தலை முழு எண்ணாகவே செய்வதால் அதில் இழப்பு எதுவும் இல்லை. முதலில் அந்த விலக்கத்தை முழு எண்களுக்கான இன்ட் என்ற வகை மாறியில் வைத்துவிட்டேன், அதுவும் ஒரு பாடமாயிற்று. ஊனோவில் இன்ட் 16 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. 181இன் வர்க்கமான 32,761 அதில் அடங்குகிறது, 182இன் வர்க்கமான 33,124 அடங்காமல் −32,412 என்று சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. மேசையை லேசாகத் தட்டினாலே விலக்கம் 182ஐத் தாண்டும். 32 பிட் லாங் மாறிக்கு மாறினால் 46,340 வரை தாங்கும். ஆனால் காலித் தட்டில் திடீரென்று 2 கிலோவை வைத்தால் விலக்கம் 8 லட்சத்தைத் தாண்டுகிறது. கடைசியில், கழித்தலை லாங்கில் செய்து, வர்க்கப்படுத்துவதற்கு முன் ஃப்ளோட்டாக மாற்றிக்கொண்டேன். விலக்கம் அவ்வளவு பெரிதாக இருக்கும் நேரத்தில் விடையின் கடைசி இலக்கங்கள் எப்படி இருந்தாலும் கவலையில்லை. 80ஐவிட மிகப் பெரியது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

முன்பே தொகுத்துவைத்த எண்கள் இல்லாமல், நாள் முழுக்க ஓடும் ஓடையாக அளவீடுகள் வந்துகொண்டே இருந்து, முதல் அளவீட்டிலிருந்து அவை மெல்ல விலகிச் சென்றுவிடக்கூடிய இடங்களில் ஊகச் சராசரி போதாது. அதற்கு பி. பி. வெல்ஃபோர்டு 1962இல் டெக்னோமெட்ரிக்ஸ் இதழில் வெளியிட்ட முறை இருக்கிறது. அது சராசரியையே ஒவ்வோர் எண் வரும்போதும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டு போகிறது. புதிய எண் பழைய சராசரியிலிருந்து விலகியிருக்கும் தூரத்தை, இதுவரை வந்த எண்ணிக்கையால் வகுத்துப் பழைய சராசரியில் சேர்த்தால் புதிய சராசரி கிடைக்கிறது. பழைய சராசரியிலிருந்து உள்ள தூரத்தையும் புதிய சராசரியிலிருந்து உள்ள தூரத்தையும் பெருக்கி விலக்க வர்க்கங்களின் கூடுதலில் சேர்க்க வேண்டும். நம் மூன்று எண்களுக்கு இதைப் போட்டால், 101இல் சராசரி 101, கூடுதல் 0. அடுத்த 102க்குப் பழைய தூரம் 1, புதிய சராசரி 101.5, புதிய தூரம் 0.5, கூடுதல் 0.5, மூன்றாவது 102க்குப் பழைய தூரம் 0.5, நான்கு இலக்கத்தில் புதிய சராசரி 101.7, புதிய தூரம் 0.3, கூடுதல் 0.65. உண்மையான 0.667க்கு இது மிக அருகில் வருகிறது. அதைவிட முக்கியம், அந்த இரண்டு தூரங்களும் எப்போதும் ஒரே பக்கத்தில் இருப்பதால் அவற்றின் பெருக்கல் குறை எண்ணாவதில்லை. வர்க்கமூலத்துக்குள் குறை எண் நுழைய வழியே இல்லை. பெரிய இரண்டு வர்க்கக் கூடுதல்களைக் கழிக்கும் இடமே இதில் கிடையாது. என்னைக் கேட்டால், இருபது எண்களுக்கு ஊகச் சராசரி, ஓடைக்கு வெல்ஃபோர்டு என்பேன்.

20ஆல் வகுப்பதா, 19ஆல் வகுப்பதா என்ற கேள்வி தனி. பள்ளியில் எண்ணிக்கையாலேயே வகுத்தோம். கையில் உள்ள எண்களே முழுத் தொகுதி என்றால் அது சரி. அவை ஒரு பெரிய தொகுதியின் மாதிரி மட்டுமே என்றால், சராசரியையும் அதே எண்களிலிருந்துதான் எடுத்தோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். விலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 0 என்பதால் 19 விலக்கங்கள் தெரிந்தாலே இருபதாவது தானாகத் தெரிந்துவிடும், ஆகவே ஒன்று குறைத்து வகுக்கிறார்கள். இருபது எண்களுக்கு இந்த இரண்டு விடைகளும் சுமார் 2.6 விழுக்காடு வேறுபடும். விளக்கை எரியவைக்க இது பெரிதல்ல, ஆனால் நாம் தனியாகச் சொல்லாவிட்டால் பைத்தானில் நம்பை நூலகம் எண்ணிக்கையாலும், பாண்டாஸ் நூலகம் ஒன்று குறைத்தும் வகுக்கும் என்பது தெரியாமல் ஒரே தரவுக்கு இரண்டு விடைகள் கிடைத்துக் குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செயற்கூற்றின் பெயரிலேயோ, அதன் முதல் வரிக் குறிப்பிலேயோ எதனால் வகுக்கிறோம் என்று எழுதிவிட வேண்டும்.

ஒன்று குறைத்து வகுப்பதால், ஒரே ஓர் அளவீடு இருக்கும்போது 0ஆல் வகுக்க நேரும். திட்ட விலக்கம் ஒருபோதும் குறை எண்ணாகாது என்பதால், விடை இல்லை என்பதற்கு அடையாளமாக −1ஐத் திருப்பித் தரலாம் என்று முதலில் எழுதினேன். தராசை இயக்கியவுடன், தட்டில் எதுவும் நிலைபெறும் முன்பே, பச்சை விளக்கு எரிந்தது. −1 என்பது 80ஐவிடக் குறைவுதானே. இப்போது செயற்கூறு அந்த நிலையில் எந்த எண்ணையும் தருவதில்லை. போதிய அளவீடுகள் சேர்ந்தனவா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அழைக்கிற இடத்தில் ஒப்பீடு நடக்கிறது.

சோதனைகளையும் மாற்றி எழுதினேன். முன்பு தெரிந்த விடையுடைய சில எண்களைக் கொடுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தேன். அவை எல்லாமே சிறிய எண்கள் என்பதால் கோளாறு மறைந்துகொண்டது. இப்போது திட்ட விலக்கத்தின் இயல்புகளையே சோதனையாக வைத்திருக்கிறேன். எல்லா எண்களும் சமமாக இருந்தால் விடை 0 வர வேண்டும். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் விடை இரட்டிக்க வேண்டும். ஒவ்வொன்றுடனும் ஒரே மாறிலியைக் கூட்டினால் விடை சற்றும் மாறக்கூடாது. இதையும் பத்தாம் வகுப்பில்தான் கற்றோம். இந்த மூன்றாவது சோதனையை அன்றே பலகையின் மேலேயே, கூட்டும் மாறிலியை ஆயிரம், பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம் என்று உயர்த்திக்கொண்டே செய்திருந்தால், முதல் மாலையிலேயே படிக்கட்டு தெரிந்திருக்கும், புது லோடு செல் வாங்கவும் வேண்டியிருந்திருக்காது. பழைய செயற்கூற்றைச் சோதனைக் கோப்பில் அப்படியே வைத்திருக்கிறேன். மாறிலி ஏற ஏற அதன் விடை முதலில் தடுமாறி, பிறகு 0க்கும் எண் அல்ல என்ற அந்த மூன்றெழுத்துக்கும் இடையில் தாவுவதைக் காண்பது அந்த வாய்பாட்டைப் பற்றி எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாகச் சொல்கிறது.

தராசு இப்போது பொட்டலம் கட்டும் மேசையில் இருக்கிறது. 100 கிராம் கல்லுக்கு 46 முதல் 53 வரையும், 2 கிலோ கல்லுக்கு 47 முதல் 55 வரையும் விடைகள் வருகின்றன, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணாக. மேசையைக் கையால் தட்டினால் 900ஐத் தாண்டிப் போய், அந்தத் தட்டலைக் கண்ட அளவீடுகள் இருபதுக்குள்ளிருந்து வெளியேறியதும், இரண்டு விநாடியில் விளக்கு மறுபடியும் எரிகிறது.